நாற்பத்தேழாம் நம்பர் ரத்தக்குழாய்

ஓட்டக்காரர் லிஃப்டில் ஏறி யாரும் பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்கூடம் ஐந்தாவது மாடியில். அவர் படியேறி முதலில் வந்து, மூச்சு வாங்காமல், லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பார். "வாங்க வாங்க, சௌகரியமா வந்தீங்களா?" என்று அவர் கேட்கிற கேள்விக்கு, வந்தவர்கள் என்னவோ பிக்பாக்கெட் அடித்துப் பிடிபட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். இதய டாக்டர், அந்தக் கூடத்தின் தலைவர், வயது ஐம்பத்தாறு, உடம்பு துடைப்பக் குச்சி. வருடத்துக்கு மூன்று நெடுந்தூர ஓட்டம் ஓடி, வாங்கிய பதக்கங்களை ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் தேட வேண்டும்.

அவருடைய மச்சினனுக்கு அங்கே புள்ளியியல் வேலை. எல்லாரும் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா புருஷன் தலைவராக இருக்கிற இடத்தில் வேலை கிடைத்ததற்குத் தன் திறமைதான் காரணம் என்று புள்ளி உண்மையாகவே நம்பினான். அந்த நம்பிக்கைக்கு மட்டும் அவனிடம் புள்ளிவிவரம் கிடையாது. வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். இந்த எல்லையை அவன் ஒரு நாளும் தாண்டியதில்லை.

ஓட்டக்காரர் உலகத்துக்கு ஒரு விஷயத்தை நிரூபித்துவிடத் துடித்தார். தினமும் ஓடுகிறவனுடைய இதய ரத்தக்குழாயில் படிவு இருந்தாலும் அது நல்ல படிவாகத்தான் இருக்கும் என்பதே அது. படிவில் என்ன நல்லது கெட்டது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு வகை, சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டது. தண்ணீர்க் குழாயில் படிகிற உப்பு மாதிரி, அது பாட்டுக்கு ஒரு ஓரமாகக் கிடக்கும். இன்னொரு வகை மெத்தென்று இருக்கும். உள்ளே கொழுப்பும் செத்த அணுக்களும், மேலே மெல்லிசாக ஒரு தோல். உடம்பில் அழற்சி அதிகமானால் அந்தத் தோல் இன்னும் தேயும். ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும், அந்த இடத்தில் ரத்தம் உறையும், ஆள் காலி. அழற்சி எவ்வளவு என்று அறிய ரத்தத்தில் சி.ஆர்.பி. என்கிற ஒரு புரதத்தை அளப்பார்கள். ஆனால் அந்தப் புரதம் வீட்டில் எங்கேயோ புகைகிறது என்று சொல்லுமே தவிர, எந்த அறையில் என்று சொல்லாது. சாதாரண சளிக்கும் அது ஏறும் என்பதால், இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை அளப்பது அங்கே வழக்கம்.

ஓடுகிறவர்கள் ஒரு பிரிவு, நாற்காலியை விட்டு எழாதவர்கள் ஒரு பிரிவு என்று ஆட்களைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பெயர்களை எடுத்துவிட்டு நம்பரைக் குலுக்கிப் போடுவது புள்ளியின் வேலை. எந்த நம்பர் யார் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஸ்கேன் படத்தில் படிவுகளைப் பிரித்து வண்ணம் தீட்டுகிற வண்ண அக்காவுக்குக்கூடத் தெரியாது.

இதில் ஓட்டக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்று வருடம் முடிகிறவரை யாருடைய ரிப்போர்ட்டையும் அவர்களிடம் சொல்லக் கூடாது. "சொன்னா பயந்துடுவான். பயந்தா மாத்திரை சாப்பிடுவான், எண்ணெயை நிறுத்துவான். அப்புறம் நம்ம ஆராய்ச்சி என்னாகிறது?" என்று நெறிமுறைக் குழுவில் மேசையைத் தட்டி வாதாடி ஜெயித்தார். குழு கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு விலக்கு வாங்கியது: குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தால் மட்டும் சொல்லலாம். மெத்துப் படிவு அப்படியெல்லாம் அடைக்காது. பிய்கிற நாள்வரை வழிவிட்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். ஆக, ஆளைக் கொல்லாததைச் சொல்லலாம், கொல்லக்கூடியதைச் சொல்லக் கூடாது என்று சட்டம் ஆயிற்று. புள்ளிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மனசு கேட்காமல் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவருக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். மாலைக்கான செலவையும் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று பேச்சு.

இப்படி இருக்கையில் ஓடுகிறவர்கள் பிரிவில் ஒரு ஆள் குறைந்தது. "எதுக்குத் தெருவுல தேடணும்? நான் இல்லையா?" என்றார் ஓட்டக்காரர். சட்டையைச் சுருட்டி ரத்தம் கொடுத்தார், ஸ்கேனில் படுத்தார், 'என் முடிவுகள் எனக்குத் தெரிவிக்கப்படமாட்டா என அறிவேன்' என்கிற வரிக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். குலுக்கலில் அவருக்கு நாற்பத்தேழு விழுந்தது; அதுவும் புள்ளிக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து வண்ண அக்கா புள்ளியைக் கூப்பிட்டாள். அவள் இருட்டு அறையில் இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். சுண்ணாம்புக்கு வெள்ளை, நாருக்குப் பச்சை, கொழுப்புச் சேற்றுக்குச் சிவப்பு.

"இந்த ஆளைப் பாரு. வெள்ளையே இல்ல. முழுக்கச் சிவப்பு. மேல இருக்கிற தோலை அளக்கவே முடியல, அவ்வளவு மெல்லிசு. அதுவும் எந்தக் குழாய்ல? இடது பக்கம், மெயின் ரோட்டுல."

"நம்பர் என்ன அக்கா?"

"நாற்பத்தேழு."

புள்ளி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்தான். முதல் தடவை சி.ஆர்.பி. ஆறு. ஒன்றுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, மூன்றைத் தாண்டினால் கவலை என்பது அங்கே பியூனுக்கும் தெரியும். இரண்டாவது தடவையும் ஆறேகால்.

"யாரோ பாவம்," என்றாள் வண்ண அக்கா. "இவங்க வீட்டுல நிம்மதியா தூங்கிட்டிருப்பாங்க."

உள்ளபடி சொன்னால், இதே மாதிரி சிவப்பாக நாற்காலிப் பிரிவில் ஏழு பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அந்த ஏழு பேரின் பெயரும் புள்ளிக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவன் "த்சொ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறான். சட்டம் சட்டம்தானே. அந்த ஏழு பேரில் எவரும் அவனுடைய அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அந்த வீட்டுக்குள் எண்ணெய் வரவேண்டுமானால் கதவுக் கீல் கிறீச்சிட வேண்டும். உப்பு கேட்டால் அத்தான் ஒரு கட்டுரையை எடுத்து நீட்டுவார். பதினெட்டு வருடமாக அக்கா இதைச் சாப்பிட்டு, சாமியாருக்கு வாக்கப்பட்டதுபோல ஒரு முகத்துடன் இருந்தாள். அத்தான் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து புது ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டம் மாப்ளே. முழு தூரம். நீயும் வாயேன், தண்ணி பாட்டில் பிடிக்கவாவது ஆள் வேணும்."

"அத்தான், இந்தத் தடவை விட்டுடலாமே. வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"வெயிலுக்குப் பயந்தா ஓட முடியுமா?"

"இல்ல, ஒரு முழு செக்கப் பண்ணிட்டு…"

அத்தான் நாடாவை விட்டுவிட்டுச் சிரித்தார். "கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியா? ஊருக்கே செக்கப் பண்றவன் நான். எனக்கு யாருடா செக்கப் பண்றது?" தன் நெஞ்சை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். தயவுசெய்து அங்கே தட்டாதீர்கள் அத்தான் என்று புள்ளிக்கு வாய்வரை வந்துவிட்டது.

சமையலறையில் அக்கா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏண்டா மூஞ்சி செத்த மாதிரி இருக்கு? வேலையில ஏதாவது சொன்னாரா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"உங்க அத்தானைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்லடா. வாயும் நாக்கும்தான் சரியில்ல, உடம்பு இரும்பு. அவரு போற வரைக்கும் நான் இருக்க மாட்டேன், அந்த நிம்மதி போதும்." அவள் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். அந்தக் காபியில் சர்க்கரையும் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். சுவரில் வரைபடம் விழுந்தது. ஓடுகிறவர்களின் புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடக்கமாக நின்றன. அழற்சி குறைவு, சுண்ணாம்பு கெட்டி. அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு ஓடிப்போய் எதிர்மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தது.

"யார் இந்தக் கழுதை?" என்றார் ஓட்டக்காரர்.

"நாற்பத்தேழு சார்," என்றாள் வண்ண அக்கா.

"இவன் ஓடுறவனே இல்ல. பொய் சொல்லியிருக்கான். ராத்திரி ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஓடியிருப்பான்." கூட்டம் சிரித்தது. தலைவர் சொன்னால் சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே சம்பளம்.

"ஓடுறவர்தான் சார்," என்றான் புள்ளி. "தினமும் ஓடுறார். எனக்குத் தெரியும்."

"அப்ப சி.ஆர்.பி. ஏன் ஆறுல இருக்கு? கேட்டா என்ன சொல்லுவான் தெரியுமா? 'சளி பிடிச்சிருந்தது டாக்டர்.' முப்பது வருஷமா பார்க்கிறேன், ரத்தத்துல எது ஏறினாலும் சளிதான். அப்புறம் ஸ்கேனைக் காட்டினா, 'மெஷின் சரியில்ல டாக்டர்.' இந்த மாதிரி ஆளுங்க செத்துப்போனாலும் ரிப்போர்ட் தப்புன்னுதான் சொல்லுவானுங்க." இதற்கும் சிரிப்பு. "இவனைத் தூக்கிடு. வரைபடத்தைக் கெடுக்கிறான்."

"தூக்கிடறேன் சார். தூக்கிட்டா அவர் நம்ம ஆள் இல்லன்னு ஆயிடுது. அப்ப அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம் இல்லையா?"

"அடைப்பு எவ்வளவு?"

"நாப்பது சதவீதம்தான்."

"முக்கால்வாசி இல்லையே. அப்ப சொல்லக் கூடாது. கையெழுத்து போட்டிருக்கான்."

"சார், தோல் ரொம்ப மெல்லிசா இருக்கு. பிஞ்சுதுன்னா…"

"பிஞ்சா பிஞ்சதுதான்."

"வீட்டுல பொண்டாட்டி இருக்காங்க சார்."

"எல்லாருக்கும்தான் பொண்டாட்டி இருக்கு. அதுக்காக ஆராய்ச்சியை மூடிடலாமா?"

"செத்துட்டா சார்?"

ஓட்டக்காரர் தோளைக் குலுக்கினார். "செத்தா அதுவும் ஒரு முடிவுதானே தம்பி. குறிச்சுக்குவோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வண்ண அக்கா பேனாவை மூடினாள். கூட்டம் கலைந்தது. காகிதங்களை அடுக்கிக்கொண்டு நின்ற ஓட்டக்காரரும், நாற்காலியை விட்டு எழாத புள்ளியும் மட்டும் மிஞ்சினார்கள். புள்ளிக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும், வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது, அத்தான் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அக்கா முகத்தில் முழிக்க முடியாது. கடைசியில் அக்காதான் ஜெயித்தாள்.

"அது நீங்கதான்," என்றான்.

"எது?"

"நாற்பத்தேழு."

ஓட்டக்காரர் சிரித்தார். புள்ளி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. சுவரில் இன்னும் வரைபடம் இருந்தது. எதிர்மூலையில் தனியாக இருந்த அந்த நாற்பத்தேழாம் புள்ளியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரத்தம் குடுத்த அன்னைக்கு எனக்குச் சளி," என்றார்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டாவது தடவை… முந்தின நாள் நிறைய ஓடினேன். அதுல ஏறும்." பிறகு, "அந்த ஸ்கேன் மெஷின்ல போன மாசம்கூட ஏதோ கோளாறு…" என்று ஆரம்பித்து, தன் வாயிலிருந்து வருவது என்ன என்று அவருக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. நிறுத்திக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இந்த மனுஷருக்குத் தனக்கு வந்தும் தெரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். முட்டையை வைப்பதுபோல உடம்பை அந்த நாற்காலியில் வைத்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சொல்லாத. நான் சொல்றேன்." பிறகு, "எனக்குப் பயமா இருக்கு மாப்ளே," என்றார். ஆபீஸில் அவர் அவனை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கீழே போகும்போது லிஃப்டைக் காட்டினான். அவர் முறைத்தார், ஆனால் ஏறிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சுருக்கமானது. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வண்ண அக்கா தீட்டிய சிவப்பில் ஒரு பொட்டுகூடத் தப்பில்லை. கொழுப்புக்கு வீரியமான மாத்திரை, அழற்சிக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. மூன்று மாதத்துக்கு ஓடக் கூடாது, நடக்கலாம். பதினெட்டு வருடம் எண்ணெயைப் பார்க்காத வீட்டில் இது எப்படி வந்தது என்று அக்கா அங்கிருந்த டாக்டரைப் பிடித்து உலுக்கினாள். சில பேருக்குப் பிறவி வாகு அப்படி, ஒழுங்காக இருந்ததால்தான் இவ்வளவு நாள் தள்ளியது என்றார் அவர். அக்கா அழுதாள். பிறகு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ மட்டும் சொல்லலைன்னா என் கதி என்னடா?" என்று அவன் கன்னத்தைத் தடவிவிட்டு மறுபடியும் அழுதாள்.

இரண்டு மாதத்தில் ஓட்டக்காரர் வேலைக்கு வந்தார். முகத்தில் தேஜஸ் கூடியிருந்தது. உயிர் பிழைத்தவர்கள் எல்லாரையும்போல நாலு நாள் எல்லாரிடமும் அன்பாக இருந்தார். ஐந்தாம் நாள் புள்ளியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாற்பத்தேழைத் தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன் சார்."

"காரணம் என்ன போட்ட?"

"சொந்தக் காரணம்னு போட்டேன்."

"நல்லது. வரைபடம் இப்ப அழகா வந்திருக்கு." அவர் கொஞ்சம் தயங்கினார். "உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன் மாப்ளே. என்ன வேணும்னாலும் கேளு."

"மத்த ஏழு பேருக்கும் சொல்லிடலாம் சார்."

ஓட்டக்காரர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினார். "அது வேற விஷயம். அவங்க கையெழுத்து போட்டிருக்காங்க."

"நீங்களும் போட்டீங்க."

"எனக்கு நீ இருந்த. வீட்டுல ஒரு மச்சினன் இருந்தான், சொன்னான். அது குடும்பம். இது ஆராய்ச்சி. இன்னும் ஒன்றரை வருஷம்தானே."

அவர் இதை அயோக்கியத்தனமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. விளக்கமாக, பொறுமையாக, பாடம் எடுக்கிற மாதிரி சொன்னார். புள்ளிக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். ஆனால் வந்த கோபம் பாதி வழியில் திரும்பித் தன் மேலேயே விழுந்தது. ஏழு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு இத்தனை மாதம் கேன்டீனில் உட்கார்ந்து தின்றவன் அவன்தானே. வெட்கமாக இருந்தது. போனை எடுத்தான்.

"என்ன பண்ற?"

"பன்னெண்டாம் நம்பருக்கு அடிக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவர். நாள் முழுக்க சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்."

"வேலை போயிடும்டா."

"போகட்டும் சார்."

அந்தப் பக்கம் மணி ரொம்ப நேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அவர் இருக்காரா என்று கேட்டான்.

"அவர் தவறிட்டாருங்க. போன மாசம். வேலை முடிஞ்சு வந்து செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. நீங்க யாரு பேசறீங்க?"

"ஸ்கேன் எடுத்த இடத்துலருந்துங்க," என்றான் புள்ளி.

"ஓ, அங்கேருந்தா. அவருக்கு உங்க இடத்து மேல ரொம்ப நம்பிக்கைங்க. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு நடுவுல ஒரு நாள் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் சொன்னேன். அவ்வளவு பெரிய மெஷின்ல பார்த்திருக்காங்க, ஏதாவது இருந்தா கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்களான்னு கேட்டாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது." பிறகு கேட்டாள். "எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

எதிரே ஓட்டக்காரர் என்ன என்று சைகையால் கேட்டார். புள்ளி எழுந்து மேசையைச் சுற்றிப் போய், போனை அவர் கையில் வைத்தான்.

"அந்த அம்மா ஒண்ணு கேக்கறாங்க அத்தான்," என்றான். "நீங்களே பதில் சொல்லுங்க."